மஞ்சள் வயலுக்கு மைனஸ் ஒன்றரை

மேலே ஆகாசம், கீழே பூமி, நடுவில் இந்தப் பக்கத்தில் ஓடுகிற அச்சு மை. மூன்றும் சாட்சி. இந்த அத்தியாயத்தில் வரும் ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை. போன வாரம் ஓரிடத்தில் ஒரு காற்புள்ளி கொஞ்சம் மிகையாக விழுந்துவிட்டது உண்மைதான். இந்த வாரம் அதுவும் கிடையாது.

கண்ணாடிக்காரர் கைவேலை முப்பத்தொரு வருஷமாக ஊரில் பாதிப் பேர் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பவர் பார்ப்பதில் அப்படி ஒரு துல்லியம். ஒருமுறை அவர் மாட்டிவிட்ட கண்ணாடியில் ஒரு வாத்தியாருக்கு எதிர்வீட்டுக் காலண்டர் தெரிந்தது. அதில் அடுத்த மாதத் தாளும் தெரிந்தது. கால் பவர் குறைத்துக் கொடுத்த பிறகுதான் மனிதர் நிம்மதியாக நடப்பு மாதத்துக்கு வந்தார்.

அப்பேர்ப்பட்டவரின் மனைவிக்குத்தான் இரண்டு கண்ணின் நடுவிலும் கறை விழுந்தது. ஓரத்தில் தெரியும், நடுவில் தெரியாது. எதிரே நிற்பவரின் காது தெரியும், தோள் தெரியும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை. கண்ணாடிக்காரர் விடவில்லை. பதினொரு கண்ணாடி செய்து பார்த்தார். பதினொன்றையும் அந்த அம்மாள் பொறுமையாக மாட்டிப் பார்த்து, பொறுமையாகக் கழற்றி, "ஃபிரேம் நல்லா இருக்குங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

பெரிய டாக்டர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். "இது லென்ஸ்ல தீர்ற விஷயம் இல்ல சார். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு மனப்பாடம். புதிதாக வந்தவர்களுக்காக இன்னொரு தடவை:

"இனிமே நீங்கதான் எனக்குக் கண்ணு. இவளுக்கு எங்க தெரியப்போவுதுன்னு ஒரே ஒரு பொய் சொன்னீங்கன்னு வைங்க, அன்னிக்கே நம்ம பொண்ணு பாப்பா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

பத்தாவது நாளே அந்தப் பொய் நடந்துவிட்டது.

தெருக் கடைசியில் ஒரு மேடு. மேட்டுக்குக் கீழே வயல். மகள் சின்னவளாக இருந்தபோது மூன்று பேரும் ஒரே சைக்கிளில் அங்கே போய் உட்கார்ந்திருந்த காலம் உண்டு. பிறகு கடை, கடை, கடை. பதினெட்டு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு மனைவியைக் கைப்பிடித்து அந்த மேட்டுக்கு அழைத்துப் போனார். போய்ப் பார்த்தால் வயலைக் காணோம். இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியின் கிடங்கு. வரிசை வரிசையாக, ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்த மஞ்சள் நிறப் பெட்டிகள். நடுவே ஒரு கோடாக நீல டிரம்கள். வெள்ளைத் தொப்பி போட்ட ஆட்கள்.

"வயல் எப்படிங்க இருக்கு?" என்றார் மனைவி.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். "நல்லா விளைஞ்சிருக்கு" என்று வந்துவிட்டது.

"மஞ்சளா தெரியுதே. அதுக்குள்ள முத்திடுச்சா?"

"முத்திடுச்சு."

"வாய்க்கால்ல தண்ணி?"

நீல டிரம்களைப் பார்த்தார். "நெறைய."

ஒரு பொய்க்கு இரண்டு வருஷமாகப் பாத்தி கட்டித் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார் மனிதர்.

அது போதாதென்று ஆறு மாதம் முன்பு அந்த அம்மாள் ஓவியம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கிளம்பினார். நூலக மாடியில் வகுப்பு. "வெளிச்சத்தை வரைவது" என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது. பொருளை அச்சடித்தாற்போல் வரைவது இல்லையாம். ஒரு வயலின் மேல் பதினொரு மணி வெயில் எப்படி விழுந்தது, பார்த்தவன் கண்ணில் அந்த ஒரு நொடி எப்படி நின்றது, அதைச் சின்னச் சின்னத் தீற்றலாக வைப்பது. கிட்டே நின்றால் வெறும் திட்டுத் திட்டு. மூன்றடி பின்னால் போனால் வயல்.

டீச்சர் முப்பது வயசுப் பெண். மற்ற நாட்களில் பெயிண்ட் கடையில் வாளி வாளியாகக் கலர் கலக்குபவர். எதைக் கேட்டாலும் "கண்ணைப் பாதி மூடிட்டுப் பாருங்க" என்பதால் பாதிக்கண் டீச்சர் என்று பெயர். மனைவிக்குத் துணையாகப் போன கண்ணாடிக்காரரையும் சேர்த்து ஐந்து பேர் சேர்ந்தார்கள். முதல் நாள் மொட்டைமாடி வெயிலிலேயே மூன்று பேர் கழன்றுகொண்டார்கள். மீதி இவர்கள் இரண்டு பேர்தான்.

எந்த இடத்தில் வரையலாம் என்று டீச்சர் கேட்டதும் மனைவி சொன்னார்: "எங்க தெருக் கடைசியில ஒரு வயல் இருக்கு."

முதல் சனிக்கிழமை டீச்சர் மேட்டில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தார். திரும்பிக் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். அவர் மனைவிக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

"நான் என்ன பொருள்னு எப்பவுமே பாக்கறதில்ல சார்," என்றார் டீச்சர் மெதுவாக. "வெளிச்சத்தை மட்டும்தான் பாக்கறேன். என் வரைக்கும் இது வயல்தான்."

அந்த டீச்சருக்குக் கோயில் கட்டலாம் என்று கண்ணாடிக்காரர் அன்றைக்கு நினைத்தார். கட்டவில்லை. அது வேறு விஷயம்.

போன வாரம் மகள் போன் செய்ததோடு அத்தியாயம் முடிந்தது. "சனிக்கிழமை காலை ரயில்ல வரேன். அம்மாவுக்கு இங்க ரூம் ரெடி. அம்மா வயலு வயலுன்னு போன்ல உயிரை விடறாங்களே, அதையும் ஒரு நடை பாத்துடறேன்."

மகள் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் ஆபீசர். பொய் சொல்பவர்களைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குபவள். எரிந்துபோன கடையின் சாம்பலைப் பார்த்து உள்ளே எத்தனை நாற்காலி இருந்தது என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை, தீயே பிடிக்காத கடையின் சாம்பலைப் பார்த்தும் சொன்னாள்.

உலகத்தில் அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் அப்பா. அதுவும் கண்ணாடி விஷயத்தில் மட்டும்.

அவளுக்குக் கிட்டப்பார்வை. இரண்டு கண்ணிலும் மைனஸ் நாலு.

வியாழக்கிழமை கடையைப் பாதி சாத்திவிட்டு, லென்ஸ் தேய்க்கும் மெஷின் முன்னால் கண்ணாடிக்காரர் உட்கார்ந்தார். முப்பத்தொரு வருஷத்தில் ஒருத்தர் மூக்கிலும் தப்பான பவரை ஏற்றியதில்லை. வீட்டுக்காரரோடு வழக்காடிக்கொண்டிருந்தவருக்கும், அந்த வீட்டுக்காரருக்கும்கூட சரியான பவர்தான் கொடுத்தார். அந்தக் கை, பெற்ற பெண்ணுக்கு மைனஸ் ஒன்றரை தேய்த்தது. ஃபிரேமில் பொருத்தி, துடைத்து, அட்டையில் பவர் எழுதும் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. கடைசியில் பென்சிலால் எழுதினார்.

சனிக்கிழமை. காலை ஏழரை.

மகள் பையைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் அப்பா அவள் கண்ணாடியைக் கழற்றி வாங்கிவிட்டார்.

"என்னப்பா, வந்ததும் வராததுமா?"

"ஸ்க்ரூ மறை தேஞ்சு போச்சு பாரு. எப்ப வேணா லென்ஸ் கீழ விழும். மூக்குக் குமிழ் பாசி பிடிச்சாப்ல இருக்கு. நான் சரி பண்ணித் தரேன். அதுவரைக்கும் இதைப் போட்டுக்கோ. உனக்குன்னே செஞ்சது."

மாட்டிக்கொண்டாள். வலது பக்கம் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள். ஆணியில் தொங்கிய மழைக்கோட்டைப் பார்த்து, "வாங்க மாமா, எப்ப வந்தீங்க?" என்றாள்.

மழைக்கோட்டு பதில் சொல்லவில்லை.

"மங்கலா இருக்கேப்பா."

"புதுக் கண்ணாடி. பழக ரெண்டு நாள் ஆகும்."

"நான் நாளைக்கே ஊருக்குப் போயிடுவேனே."

"அதுக்குள்ள பழகிடும்."

உள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவர் சொன்னா சரியாத்தான்டி இருக்கும். எனக்கு பதினொண்ணு செஞ்சாரு, ஒண்ணாவது உடைஞ்சுதா?"

காலைச் சாப்பாட்டில் மகள் பேச்சை எடுத்துவிட்டாள். அம்மாவுக்கு ஓர் அடி தள்ளி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். ரூமில் எங்கெங்கே கைப்பிடி வைத்திருக்கிறாள், மாடிப்படி ஓரத்தில் எப்படி வெள்ளைப் பட்டை அடித்திருக்கிறாள், பக்கத்திலேயே எந்த டாக்டர். ஒவ்வொன்றும் நல்ல ஏற்பாடு. ஒன்றில்கூடக் குறை சொல்ல முடியவில்லை என்பதுதான் கண்ணாடிக்காரரின் கஷ்டம்.

"அப்பா காலையில கடைக்குப் போனா ராத்திரிதான் வராரு. நீ தனியா அடுப்பு பக்கம் நிக்கற. எனக்கு அங்க வேலை ஓடலம்மா."

மனைவி தண்ணீர் டம்ளரைக் கோணலாகப் பார்த்து, சரியாக எடுத்தார். நேராகப் பார்த்தால் அவருக்கு டம்ளர் மறைந்துவிடும்.

"பேசலாம். மொதல்ல வயலுக்குப் போயிட்டு வந்துடலாம். பதினொரு மணி வெயில் போயிட்டா அப்புறம் அது வேற வயலு."

மேட்டுக்கு மூன்று பேரும் நடந்தார்கள். வழக்கமாகக் கண்ணாடிக்காரர் மனைவிக்கு மட்டும்தான் கை கொடுப்பார். இன்றைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர். ஊரிலேயே நன்றாகக் கண் தெரிகிற ஆள், கண் தெரியாத இரண்டு பேரை அழைத்துப் போகிறார் என்று பார்த்தவர்கள் பரிதாபப்பட்டார்கள். ஒருத்தியின் கண்ணை அவரே எடுத்துப் பைக்குள் போட்டுவைத்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

டீச்சர் தாங்கிகளை நிறுத்தி, கேன்வாஸ்களை மாட்டி வைத்திருந்தார். வெள்ளைக் கேன்வாஸ் கண்ணைக் கூசவைக்கும் என்பதால் முன்கூட்டியே வெளிர் காவி பூசி வைப்பது வழக்கம். மனைவியின் பலகையில் கலர்களை வரிசை மாறாமல் பிதுக்கி வைப்பது கண்ணாடிக்காரர் வேலை. இடது மூலையில் வெள்ளை, அப்புறம் மஞ்சள் இரண்டு, சிவப்பு, நீலம் இரண்டு. கறுப்பு கிடையாது. நிழலுக்குக் கறுப்பு போட்டால் படம் செத்துவிடும், நிழல் என்பது ஊதா என்பது டீச்சர் வாக்கு.

"இதோ பாரு பாப்பா," என்றார் மனைவி. மேட்டின் விளிம்பில் நின்று கையை நீட்டினார். "எப்படி?"

கண்ணாடிக்காரர் ஒரு கலர் டியூப்பைத் திறந்து, திறந்ததையே மறுபடி மூடினார்.

மகள் பார்த்தாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுப் பார்த்தாள். இறக்கிவிட்டுப் பார்த்தாள்.

"அம்மா…" என்றாள். "இவ்ளோ மஞ்சளா?"

"வாய்க்கால் தெரியுதா?"

"தெரியுது. நீலமா. ஐயோ, கொக்கு! ஏழெட்டு கொக்கு!"

"பன்னெண்டரைக்கு எல்லாம் ஒண்ணா கெளம்பிப் போயிடும்," என்றார் மனைவி. "ஒன்றரைக்கு டாண்ணு திரும்பி வந்துடும். அப்படி ஒரு ஒழுங்கு அதுங்களுக்கு."

கீழே பெட்டி தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்னால் வந்தது. பீப், பீப், பீப்.

"அது என்ன சத்தம்பா? வண்டி ரிவர்ஸ் எடுக்கற மாதிரி?"

"ஒரு பறவை," என்றார் கண்ணாடிக்காரர்.

"குரலைப் பாரேன்."

"ஞாயித்துக்கிழமை மட்டும் கத்தாது," என்றார் மனைவி, பிரஷ்ஷை எடுத்துக்கொண்டே.

முதல் பத்து நிமிஷம் நன்றாகவே போனது. மகளுக்கும் டீச்சர் ஒரு சின்ன அட்டையும் ஒரு பிரஷ்ஷும் கொடுத்தார். அவள் வாழ்க்கையில் முதல்முறையாக எந்தப் பொருளையும் எண்ணாமல், அளக்காமல், மஞ்சளுக்குப் பக்கத்தில் மஞ்சளை வைத்தாள். டீச்சர் எட்டிப் பார்த்து, "அட! எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார்.

"புதுக் கண்ணாடி," என்றாள் மகள்.

மனைவி எப்போதும்போல முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால் வயலையும் மறு ஓரத்தால் கேன்வாஸையும் பார்த்துத் தீற்றினார். பார்க்கிறவர்களுக்கு அவர் யாரோடோ கோபித்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். கேன்வாஸில் மட்டும் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

வராதது ஒருத்தருக்குத்தான்.

"சார், கண்ணைப் பாதி மூடுங்க."

"மூடிட்டேன் டீச்சர்."

"மூடியும் கைப்பிடி வரைஞ்சிருக்கீங்களே," என்று அவர் காதோடு சொன்னார் டீச்சர்.

அதுதான் அவருடைய நோய். ஆறு மாதமாக முயற்சி செய்கிறார். மஞ்சள் திட்டு ஒன்று வைப்பார். வைத்த கையோடு அதற்கு ஒரு விளிம்பு வரும். விளிம்பு வந்தால் மூலை வரும். மூலை வந்தால் பெட்டி. பெட்டி வந்த பிறகு கைப்பிடி இல்லாமல் விட்டால் அவருக்குத் தூக்கம் வராது. டீச்சர் சின்ன பிரஷ்ஷைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஈரப் பெயிண்டில் கீறி வரைந்தார். ஆறாவது வரிசைப் பெட்டியில் அச்சடித்திருந்த நம்பர் உட்பட. கண்ணைப் பாதி மூடினாலும் முக்கால் மூடினாலும் அவருக்கு எல்லாம் தெரிந்தது. தெரிவதைத் தெரியாமல் செய்ய அவருக்கென்று ஒரு லென்ஸ் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கீழே இருந்து ஒரு குரல்: "ஓய் சார்! லாரி வருது, சரிவுல யாரும் இறங்காதீங்க!"

கிடங்கு சூப்பர்வைசர்.

"யாருங்க அது?" என்றார் மனைவி.

"வயக்காரர்."

"லாரி எதுக்காம்?"

கண்ணாடிக்காரர் கீழே பார்த்தார். பெரிய லாரி ஒன்று வாசலில் நுழைந்து நின்றது. ஃபோர்க்லிஃப்ட் முதல் வரிசையை அப்படியே தூக்கி அதன் வயிற்றுக்குள் வைத்தது. திரும்பிப் போய் அடுத்ததைத் தூக்கியது.

"அறுவடை," என்றார்.

"இன்னிக்கா?" மனைவியின் பிரஷ் நின்றது. "ஆமா… இந்த ஓரத்துல மஞ்சள் குறையுதே. ஆள் வச்சா, மிஷினா?"

"மிஷின்."

"அப்ப சீக்கிரம் போட்டாகணும்!" என்று டீச்சர் கத்தினார். வகுப்பு வெறி வந்துவிட்டது அவருக்கு. "விவரம் வேணாம்! இருக்கறப்பவே புடிங்க! போற வெளிச்சம் திரும்பி வராது!"

அடுத்த கால் மணி நேரம் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டார்கள். சத்தியம் செய்திருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. லாரி பெட்டிகளை விழுங்க விழுங்க, மேட்டில் நான்கு பேரும் மூச்சு வாங்க வரைந்தார்கள். கீழே ஒரு வரிசை போனால் மேலே ஒரு வரிசை வந்தது. மனைவி இரண்டு கையாலும் தீற்றினார். கண்ணாடிக்காரர் வேகத்தில் ஒரு பெட்டிக்குக் கைப்பிடி போட மறந்து, திரும்ப வந்து போட்டார். அவர் கேன்வாஸை யாராவது சூப்பர்வைசரிடம் கொடுத்திருந்தால் அந்த ஆள் அதிலேயே சரக்குக் கணக்கை முடித்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்.

"அப்பா, கொஞ்சம் வெள்ளை குடுங்க," என்று மகள் பக்கத்தில் வந்தாள்.

வந்தவள் குனிந்தாள்.

இங்கேதான் கண்ணாடிக்காரரின் கணக்கு தப்பியது. முப்பத்தொரு வருஷத் தொழில் தெரிந்த மனிதர் ஒன்றை மறந்துவிட்டார். கிட்டப்பார்வைக்காரர்களுக்குப் பவரைக் குறைத்தால் தூரம்தான் மங்கும். ஒரு முழத்துக்கு உள்ளே இருப்பது எல்லாம் பளிங்குபோலத் தெரியும். கடைக்கு வருகிற யாருக்கும் அதைப் படம் போட்டு விளக்குவார். தனக்கு மட்டும் விளக்கிக்கொள்ளவில்லை.

மகளின் மூக்குக்கும் கேன்வாஸுக்கும் நடுவே ஒரு சாண்.

மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பெட்டி. கைப்பிடி. நம்பர். நீல டிரம், அதன் மூடி, மூடியில் பூட்டு. வெள்ளைத் தொப்பி, தொப்பிக்குக் கீழே மீசை. ஃபோர்க்லிஃப்ட்டின் பின்பக்கம் இரண்டு சிவப்பு விளக்கு.

நிமிர்ந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணுக்கு முன்னால் பிடித்து, அதன் வழியே மறு கையின் கட்டைவிரலைப் பார்த்தாள். அந்த வீட்டில் வளர்ந்தவள். எந்த லென்ஸ் எவ்வளவு சிறிதாகக் காட்டும் என்று ஏழு வயசிலேயே தெரியும். உதட்டை அசைத்து, சத்தமில்லாமல் கேட்டாள்.

"எவ்ளோ?"

கண்ணாடிக்காரர் ஒரு விரலை நீட்டினார். அப்புறம் இன்னொரு விரலைப் பாதி மடக்கி நீட்டினார்.

அவள் முகத்தில் வந்தது கோபம் என்றால் தாங்கியிருப்பார். வந்தது வேறு. ஒரு கடை எரிந்துபோன பிறகு போய் நிற்பவளின் முகம்.

"என்னடி சத்தத்தையே காணோம்?" என்றார் மனைவி, திரும்பாமல். "அப்பா படம் எப்படி இருக்கு?"

ஃபோர்க்லிஃப்ட்கூட அந்த நேரம் நின்றது.

மகள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரூம் ரெடி, கைப்பிடி ரெடி, படிக்கு வெள்ளைப் பட்டை ரெடி. அம்மா நாளைக்கு ரயிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கேட்டு வந்ததும் அதுதான். அதுவும் முழு உண்மையைச் சொல்லிப் பெறலாம்.

கண்ணாடிக்காரர் எதையாவது செய்ய வேண்டும் என்று பார்த்தார். செய்வதற்கு ஒன்றும் இல்லை. கையில் ஒரு பிரஷ் இருந்தது, அதில் மஞ்சள் இருந்தது. மனைவியின் முதுகு தெரிந்தது. ரவிக்கையில் ஓர் இடத்தில் தையல் விட்டிருந்தது. அந்தத் தையலில் எத்தனை கண் பிரிந்திருக்கிறது என்பதுகூடத் தெரிந்தது. நான்கு. அவ்வளவு நன்றாகத் தெரிந்து ஒரு பிரயோசனமும் இல்லை.

"அப்பாவுக்கு இன்னும் வரலம்மா," என்றாள் மகள். "வயல் மாதிரியே இல்ல."

"அவருக்கு விளிம்பை விட மனசே வராது. கல்யாணம் ஆன புதுசுலயே அப்படித்தான். போர்வையை நாலு மூலையும் சேர்த்து மடிச்சாத்தான் தூங்குவார்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு டீச்சரின் தோளில் கிடந்த துணியை உருவினாள். பொய்க் கிளெய்ம்களைப் பிடிப்பதில் மூன்று வருஷம் தொடர்ந்து பரிசு வாங்கியவள், அப்பாவின் கேன்வாஸில் இடது மூலையில் துணியை வைத்து, வலது மூலை வரை ஒரே இழுப்பாக இழுத்தாள். இருந்த ஒரே தடயத்தை அழித்தாள்.

பெட்டி எல்லாம் சரிந்தது. கைப்பிடி போயிற்று, நம்பர் போயிற்று. மஞ்சளில் நீலம் ஏறி, ஓரத்தில் லேசாகப் பச்சை பிறந்தது. வெள்ளைத் தொப்பிகள் இழுபட்டுச் சிறகு விரித்தன.

"தொடாதீங்க!" டீச்சர் ஓடி வந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். "கையை எடுங்க! யாரும் தொடாதீங்க! இதான்! இதைத்தான் ஆறு மாசமா சொல்லிட்டிருக்கேன்!"

மூன்றடி பின்னால் போய் எல்லோரும் பார்த்தார்கள். காற்று அடித்த வயல். பதினொரு மணி.

கண்ணாடிக்காரர் பெயரில் இதுவரை உள்ள ஒரே நல்ல படம் அதுதான். அதில் அவர் செய்தது, ஒதுங்கி நின்றது.

திரும்பும்போது மகள் அப்பாவின் கையைப் பிடிக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தடுக்கித் தடுக்கி நடந்தாள். வாசலில் அப்பா பழைய கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். வாங்கி மாட்டிக்கொண்டாள். மைனஸ் ஒன்றரையைத் திருப்பிக் கேட்டார்.

"இது என்கிட்ட இருக்கட்டும்," என்றாள்.

"எதுக்கு பாப்பா?"

"வச்சுக்கறேன்ப்பா. அடுத்த சனிக்கிழமையும் வரேன். ரூம் விஷயம் அப்ப பேசிக்கலாம்."

தடயமாக வைத்துக்கொள்கிறாளா, மாட்டிக்கொள்வதற்காக வைத்துக்கொள்கிறாளா? முகத்தைப் பார்த்தார். ஒவ்வொரு இமை முடியும் தெரிந்தது. அது மட்டும் தெரியவில்லை.

மனைவி படியில் உட்கார்ந்து விரலில் ஒட்டிய மஞ்சளைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, வயக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? அறுத்த எடத்துல அடுத்து என்ன போடப் போறாராம்?"

கேட்டிருந்தார். கிளம்பும்போது வேலியோரம் போய் மெதுவாகக் கேட்டார். திங்கட்கிழமை புதுச் சரக்கு இறங்குகிறது, எல்லாம் சிவப்புக் கலர் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

"சிவப்பு," என்றார் கண்ணாடிக்காரர்.

"சிவப்பா? அப்படி ஒரு பயிரா? என்ன பயிருங்க அது?"

அவர் வாயைத் திறந்தார். இந்த முறை ஒன்றுமே வரவில்லை. மனைவி முகத்தை ஒரு பக்கம் திருப்பி, ஓரக்கண்ணால் அவர் காதையும் தோளையும் பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் காத்திருந்தார்.

பிளாஸ்டிக் கம்பெனி அந்த வயலில் கிடங்கு போடும் முன் தெருவில் வீடு வீடாக வந்து, பகல் நேரத்தில் யார் இருந்தார்களோ அவர்களிடம், ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்கியது. அந்தத் தாளில் முதல் கையெழுத்து கண்ணாடிக்காரரின் மனைவியுடையது. தேதி, அவர் கண்ணில் கறை விழுவதற்கு எட்டு மாதம் முந்தியது.